ஒப்பந்தத்தின் பின்பக்கம்

முன்பக்கம் மட்டும் போதும் என்றால் சொல்லுங்கள், இப்போதே ஆணியிலிருந்து இறக்கித் தருகிறேன். கையோடு எடுத்துப் போகலாம். பின்பக்கமும் வேண்டும் என்றால் கொஞ்சம் உட்காருங்கள், பேச வேண்டும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

என்ன பெயர் சொன்னீர்கள்? ஜெபசீலி. நல்லது. நினைவகத்தின் காப்பாட்சியர் வருகிறார் என்றதும் வழுக்கைத் தலையோடு ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். தேநீர் போட்டுத் தரலாம், ஆனால் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. எல்லா டப்பாவுக்கும் ஒரே நிற மூடி. என் மனைவி கிளம்பிப் போய் நான்கு மாதம் ஆகிறது. நான் கடைத்தெரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதோ, சுவரில் பாருங்கள், எங்கள் திருமண ஒப்பந்தம். கண்ணாடிக்குள் கீழே வலது மூலையில், சாட்சி என்று போட்டு ஒரு கையெழுத்து இருக்கிறதே, கோ. மாவளத்தான். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. சட்டக் கல்லூரி மாணவர். மந்திரியானது, வடக்கே ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகப் போனது எல்லாம் பிற்பாடு. எத்தனையோ ஆயிரம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் முதன்முதலில் ஒரு திருமணத்துக்குச் சாட்சியாகப் போட்டது இதில்தான். துறையூர் மைதானத்தில் அவரே சொன்னார், என் பெயரைச் சொல்லி. நலங்கிள்ளி வீட்டுச் சுவரில் என் இளமை மாட்டியிருக்கிறது என்றார். எப்படிக் கைதட்டினார்கள் தெரியுமா!

நலங்கிள்ளி நான்தான். அப்பா வைத்த பெயர் சீனிவாசன். இயக்கத்தில் சேர்ந்ததும் மாற்றிக்கொண்டேன். அவளுக்கும் திருமண மேடையிலேயே பெயர் மாற்றினோம். சௌந்தரவல்லி என்று இருந்தது, எழிற்கொடி என்று வைத்தோம். நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவளிடம் கேட்டோமா என்றால், மேடையில் அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் பாருங்கள், ஒப்பந்தத்தில் பழைய பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். பதற்றம்தான். பத்தொன்பது வயதுப் பெண்.

ஐயர் இல்லை, தாலி இல்லை. ராகு காலமாகப் பார்த்து வைத்தோம். ஒப்பந்தத்தை மணமக்கள் உரக்கப் படிக்க வேண்டும், மாலை மாற்ற வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தலைமை தாங்க வேண்டியவர் பெரிய பேச்சாளர். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தனக்குப் பதிலாக ஒரு மாணவரை அனுப்பினார். மாவளத்தான் பேருந்தை விட்டு இறங்கியபோது எங்கள் ஆட்களுக்கு முகம் விழுந்துவிட்டது. மீசைகூடச் சரியாக இல்லை. "பேச்சாளர் எங்கே தம்பி?" என்று அவரிடமே கேட்டார்கள்.

ஆனால் அந்த வயதிலேயே ஒரு நிதானம். அச்சடித்த ஒப்பந்தத்தை வாங்கி முழுவதும் படித்தார். நாங்கள் யாரும் அதை அப்படிப் படித்ததில்லை, அச்சகத்தில் பத்துப் பத்தாக அடித்து வைத்திருப்போம். படித்துவிட்டு மணப்பெண் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது நிபந்தனை உண்டா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன். பெண்ணிடம் நிபந்தனையா! அவர் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். இவள் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் குனிந்து கேட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், காகிதத்தைத் திருப்பிப்போட்டு எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார். முன்பக்கம் கீழே, சின்ன எழுத்தில், "பின்பக்கம் பார்க்க" என்று குறித்தார்.

அது இப்போது தெரியாது. சட்டத்தின் மரம் அந்த இடத்தில் மறைக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். மாலை கழுத்தில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது, யாரோ கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் போட்டேன். பின்பக்கம் போட்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்துத்தான் திருப்பிப் பார்த்தேன். இளைஞர் வேகத்தில் எழுதியிருந்தார். கையெழுத்துகளைக் கவனிக்கவில்லை, இரண்டு நிபந்தனையை மட்டும் படித்தேன். என்னவா? சொல்கிறேன், அவசரம் என்ன.

முதல் நிபந்தனை, அவள் ஆசிரியைப் பயிற்சியில் சேர நான் தடை சொல்லக் கூடாது என்று. நான் தடையே சொல்லவில்லை, அம்மா. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த வருடம்தான் புத்தகக் கடை ஆரம்பித்தேன், கடைத்தெருவில், அறிவகம் என்று. எனக்கு வாரத்தில் நான்கு நாள் கூட்டம். கடையில் உட்கார ஆள் வேண்டுமே? அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். தடை வேறு, அடுத்த வருடம் வேறு. அடுத்த வருடம் செழியன் பிறந்தான். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. ஒரு தடவை பயிற்சிப் பள்ளி விண்ணப்பம் ஒன்று கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. வயது வரம்பு தாண்டிவிட்டது பாவம். எவ்வளவு பொறுமைசாலி பாருங்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடையை அவள்தான் நடத்தினாள் என்று ஊரில் சொல்வார்கள். நடத்தினாள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம், எந்தப் பிள்ளைக்கு எந்தக் கணக்கு வராது என்பது வரைக்கும் தெரியும். பிள்ளைகள் நோட்டு வாங்க வந்தால் அரைமணி நேரம் நிறுத்தி வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுப்பாள். வியாபாரத்துக்கு அது இடைஞ்சல். நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

கண்ணாடி போட்டது எப்போது தெரியுமா? எங்களைப் போன்ற திருமணங்கள் அதுவரைக்கும் சட்டப்படி செல்லாது. எங்களுக்கு அது ஒரு பெருமை, ஊருக்கு அது ஒரு கேலி. பிறகு செல்லும் என்று சட்டம் வந்தது, பழைய திருமணங்களும் சேர்த்து. அன்றைக்கு நான் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். "எழில், நம்ம கல்யாணம் செல்லும்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அவள் நோட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இத்தனை நாள் செல்லாதா?" என்று கேட்டாள். "செல்லாது, நேத்து வரைக்கும் செல்லாது" என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றாள். இனிப்பைத் தொடவே இல்லை. அவளுக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது.

மறுநாளே ஒப்பந்தத்தைக் கண்ணாடி போடும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கே, எந்தப் பக்கம் முன்னாடி வரணும்?" என்றார். அச்சடித்த பக்கம் என்றேன். பின்னால் அட்டை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

அதிலிருந்து இது சாதாரண வீடு இல்லை. எங்களுக்கு ஊரில் ஒப்பந்தத் தம்பதி என்றே பெயர். இயக்கத்தில் எந்தத் திருமணம் நடந்தாலும் எங்கள் இருவரையும் முன்னால் உட்கார வைப்பார்கள். மணமக்களை இங்கே அழைத்துவந்து இந்தச் சுவருக்கு முன்னால் படம் எடுப்பார்கள். அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். அவள் எல்லா மேடையிலும் ஒன்றைத்தான் சொல்வாள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் படிங்க" என்பாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவளுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி. நான்தான் அதை முதலில் கவனித்தவன்.

மாவளத்தார் மந்திரியான பிறகு ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். தெருவெல்லாம் கார். இந்த இடத்தில்தான் நின்றார், நீங்கள் கால் வைத்திருக்கிற இடத்தில். தன் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். "என்னம்மா, பயிற்சி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து ஞாபகம் வைத்திருக்கிறார், என்ன மூளை! அவள் வாயைத் திறப்பதற்குள் நான், "எல்லாம் நல்லபடியா நடந்துக்கிட்டிருக்குதுங்க ஐயா" என்றேன். பெரிய மனிதருக்கு நேரம் குறைவு, நாம்தான் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "பின்னாடி எழுதினது அப்படியே இருக்கா?" என்றார். "பத்திரமா இருக்குங்க" என்றேன். அதற்குள் யாரோ வந்து நேரமாகிவிட்டது என்றார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அவள் அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரும் திருப்பிப் பாக்கல" என்றாள். யாரைச் சொன்னாள், எதைச் சொன்னாள் என்று எனக்கு அன்று புரியவில்லை.

இரண்டாவது நிபந்தனையா? வருகிறேன்.

மந்திரி வந்து போன மூன்றாம் வருடம் அவள் ஒரு பையில் துணியை எடுத்து வைத்தாள். தொட்டியத்தில் அவள் தங்கை இருந்தாள், அங்கே போகிறேன் என்றாள். ஒரு வாரமா என்றேன். இல்லை என்றாள். சண்டையா? கிடையாது. நான் கை நீட்டியவனா? கிடையாது. குடித்தவனா? வெற்றிலைகூடப் போட்டதில்லை. என்ன காரணம் என்று கேட்டேன். "காரணம் சொல்லணும்னு அதுல எழுதல" என்றாள். நான் என்ன செய்வேன்? இயக்கத்தில் நான்கு பேரை அழைத்து வந்தேன். நம் நகரச் செயலாளர் கந்தப்பன், அப்போது அவன் சின்னப் பையன், அழகாகப் பேசினான். "அண்ணி, இது உங்க கல்யாணம் மட்டுமா? இயக்கத்தோட கல்யாணம். நீங்க போயிட்டீங்கன்னா நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவான்? மந்தரம் சொல்லாம பண்ணின கல்யாணம், அதான் நிக்கலம்பான். மாவளத்தார் முகத்துல கரியைப் பூசலாமா?" அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பையைப் பிரித்தாள். புடவைகளை எடுத்துப் பழையபடி அடுக்கினாள். நாலு பேருக்கும் காபி போட்டாள்.

இயக்கத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

அதற்கப்புறம் முப்பத்து நான்கு வருடம் ஒரு சொல் இல்லை. ஆண்டுதோறும் திருமண நாளன்று சட்டத்தை இறக்கித் துடைப்பது மட்டும் அவள் வேலை. நானே செய்கிறேன் என்றால் விடமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு துடைப்பாள். அரைமணி நேரம் ஆகும். இவ்வளவு சின்னக் கண்ணாடிக்கு அரைமணி நேரம் எதற்கு என்று கேலி செய்வேன்.

மாவளத்தார் காலமானபோது இருவருமாகப் போய் மாலை வைத்தோம். இவள் அழவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில், "இனி யாரு முகத்துல கரி பூசறதுக்கும் இல்ல" என்றாள். அதற்கு அடுத்த வருடம் கடையை விற்றோம். விற்ற பிறகு அவளுக்கு வீட்டில் வேலை குறைவு. நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன்.

இந்தத் தை மாதம், காலை பத்து மணி இருக்கும், நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறேன், பையோடு வந்து நிற்கிறாள். அதே பை இல்லை, வேறு பை. "நான் கிளம்பறேன்" என்றாள். எங்கே என்றேன். "தாத்தையங்கார்பேட்டை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் பாத்திருக்கேன்." எப்போது வருவாய் என்றேன். "கிளம்பறேன்னு சொன்னேங்க" என்றாள், குழந்தைக்குச் சொல்வது மாதிரி. அறுபத்தொன்பது வயதில்!

கந்தப்பனுக்கு ஆள் விட்டேன். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அதே பேச்சை எடுத்தான். அவள் நடுவிலேயே நிறுத்திவிட்டாள். "தம்பி, அதை ஆணியிலேருந்து இறக்கி, பின்னாடி என்ன இருக்குன்னு படிச்சுட்டு அப்புறம் பேசுங்க" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். "பின்னாடி அட்டைதான் இருக்கு" என்றேன். பொய் இல்லையே. பின்னால் அட்டைதானே இருக்கிறது? அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் வாதாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மகனுக்கு ஓசூருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ரூமுக்கு ஃபேன் நான்தாம்ப்பா வாங்கிக் கொடுத்தேன்" என்கிறான்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்ய முடியும்? பதினான்காம் தேதி மாவளத்தார் நினைவகம் திறக்கிறீர்கள். அழைப்பிதழில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது, ஐம்பதாண்டு கண்ட ஒப்பந்தத் தம்பதியர் ஆவணத்தை ஒப்படைப்பார்கள் என்று. அவள் வரவில்லை என்றால் ஊர் கேட்கும். வந்தால் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று செழியனிடம் சொன்னாளாம். இரண்டு பக்கமும் தெரிந்தால் ஊர் படிக்கும். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் இறக்கினேன். மறைக்க மாட்டேன், உங்களிடம் சொல்கிறேன். கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாவளத்தார் கையெழுத்தை நான் கிழிப்பதா? கிழித்தால் அப்புறம் நான் யார்? சீனிவாசன். நோட்டுக்கடை சீனிவாசன். அவ்வளவுதான். மறுபடி மாட்டிவிட்டேன். பூட்டிவிட்டுச் செழியன் வீட்டுக்குப் போகலாம் என்றால், இதைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? நான்கு மாதமாக இதைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். சுவரோடு சேர்த்து மாட்டிவிடுங்கள். முன்பக்கம் மட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

என்ன காகிதம் இது? ஒப்படைப்புப் படிவமா? இருவரும் உடைமையாளர், இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமா? அவளிடம் ஏற்கெனவே... ஓ. முதலில் அங்கேதான் போனீர்களா?

எப்படி இருக்கிறாள்?

எத்தனை பிள்ளைகள்? பதினேழா? தரையில் உட்காரவைத்தா? பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளா? இருக்கும், இருக்கும்.

என் கண்ணாடியைக் காணவில்லை. அவள்தான் எடுத்து வைப்பாள். நீங்களே படியுங்கள். நிபந்தனைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாள்? "இரு பக்கமும் தெரியும்படி நிறுத்திவைக்க வேண்டும்." கீழே? சௌந்தரவல்லி. பார்த்தீர்களா, இன்னமும் அதே பெயர்.

சரி. இறக்குங்கள். என்னால் முடியாது, அன்றைக்கு இறக்கி மாட்டியதிலிருந்து தோள்பட்டை வலி. மெல்ல. சுவரில் எவ்வளவு வெள்ளையாக ஒரு கட்டம், பாருங்கள்! அதைச் சுற்றி இவ்வளவு அழுக்கா இருந்தது?

பின்னால் அட்டையில் அடித்த ஆணி இறுகியிருக்கும், திருப்புளி தேடுகிறேன்... வந்துவிட்டதா? விரலாலேயேவா? இத்தனை வருடம் அசையாத ஆணி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேனே. வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டினால் தளர்ந்துதான் போகும். துடைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படியுங்கள். உரக்கப் படியுங்கள், காது கொஞ்சம் மந்தம். முதலாவது வேண்டாம், அது தெரியும். இரண்டாவது.

"இருவரில் எவர் எப்போது பிரிந்து செல்ல விரும்பினாலும், காரணம் கேளாமல், ஊர்ப்பேச்சைக் காட்டித் தடுக்காமல், மற்றவர் வழிவிட வேண்டும்."

ம். அதேதான்.

அடியில் கோ. மாவளத்தான். சரி. அதற்குமேல்? அதற்குமேல் யார் கையெழுத்து? இப்படிக் காட்டுங்கள், வெளிச்சத்துக்கு. நலங்கிள்ளி. 'ள்ளி'யில் அந்தச் சுழிப்பு... என்னுடையதுதான். எல்லாரையும்விடப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

பேனா கொடுங்கள். எந்த இடத்தில்? விரலை வைத்துக் காட்டுங்கள். ம், போட்டாயிற்று.

ஒன்று கேட்கலாமா? கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே விளக்க அட்டை வைப்பீர்கள் அல்லவா, அதில் ஒரு வரி சேர்க்க முடியுமா? 'மணமகன் இந்த நிபந்தனையைக் கடைசிவரை மதித்து நடந்தார்' என்று... சிரிக்காதீர்கள். சரி, 'கடைசியில்' என்று போடுங்கள். அதற்கும் இடம் இல்லையா? வருடமும் பெயர்களும் மட்டுமா? போகட்டும்.

பெயர் என்றால், எழிற்கொடி என்று போட வேண்டாம். அவள் கையெழுத்தில் இருக்கிறபடியே போட்டுவிடுங்கள்.

பதினான்காம் தேதி விழா எத்தனை மணிக்கு முடியும்? ஐந்துக்கா? தாத்தையங்கார்பேட்டைக்கு ஐந்தே காலுக்கு ஒரு பேருந்து இருந்தது, இப்போது நேரம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நாளைக்கு நிலையத்தில் போய் விசாரித்து வைக்கிறேன். கூட்டத்தில் நிறுத்திவைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், அவளுக்கு வண்டி போய்விடும். கந்தப்பனிடம் சொல்லிவைக்கிறேன், யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்று.